மூன்றாம் கூறு

புத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, மூன்று பேர் உட்காரும் ஷேர் ஆட்டோவில் ஆறாவது ஆளாகத் தொற்றிக்கொண்டு, எங்கள் ஊர் மாந்தோப்பு ஓரம் வந்து சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு நடந்தது பட்டப்பகலில் நடந்தது. இருட்டில் நடந்திருந்தால் கண் ஏமாற்றிவிட்டது என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டு நிம்மதியாகத் தூங்கப் போயிருப்பேன்.

திருப்பதியில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் எனக்கு வேலை. ஊசி குத்த வேண்டும், குப்பியில் பிடிக்க வேண்டும், மெஷின் சொல்வதை அச்சடித்துத் தர வேண்டும். மெஷின் சொன்னால் நம்புவேன், மனிதர்கள் சொன்னால் இன்னொரு முறை கேட்பேன். அதனால்தான் அம்மா போனில், "தம்பி துன்னவே மாட்டன்றான் யமுனா, ஒருவாட்டி வந்து பாத்துட்டுப் போ" என்று அழுதபோதுகூட, பையன் எந்தப் பெண்ணிடமாவது மனசைக் கொடுத்து மாட்டிக்கொண்டிருப்பான் என்றுதான் நினைத்தேன்.

ஓடு போட்ட பழைய வீடு எங்களுடையது. பின்கட்டு அறையில் ஒரு காலத்தில் மாங்காய்க் கூடைகளை அடுக்குவோம். இப்போது அது என் தம்பி யஸ்வந்தின் அறை. நைனா குத்தகைப் பேச்சுக்காக சத்தியவேடு பக்கம் போயிருந்தார். அம்மா வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை ஜில்லென்று இருந்தது.

"உள்ள போய்ப் பாரு. நான் வரல."

"ஏம்மா?"

"நீ பாரு," என்றாள்.

அறைக்கதவைத் திறந்ததும் முதலில் வந்தது வாசனை. விறகுப் புகையும் சுட்ட கறியும். எங்கள் வீட்டில் கேஸ் அடுப்பு வந்து எத்தனையோ வருடம் ஆகிறது. அன்று வெள்ளிக்கிழமை வேறு, அம்மா முட்டையைக்கூட உள்ளே விடமாட்டாள். ஜன்னலைச் சாத்தி, கம்ப்யூட்டர் வெளிச்சத்தில் யஸ்வந்த் உட்கார்ந்திருந்தான். பனியன் தோளிலிருந்து நழுவிக் கிடந்தது. கன்னம் ஒட்டி, கழுத்து எலும்பு இரண்டும் துருத்திக்கொண்டிருந்தன. போன உகாதிக்குப் பார்த்த பையன் இவன் இல்லை.

"வாக்கா," என்றான் சிரித்தபடி. "துன்னியா?"

அதை அவன் என்னிடம் கேட்டான்.

அவன் ஆடிக்கொண்டிருந்த விளையாட்டு எனக்குப் புதிதல்ல. வெறுங்கையோடு ஒரு காட்டில் இறக்கிவிடுவார்கள். மரம் வெட்டி, கல் உடைத்து, வீடு கட்டி, வேட்டையாடித் தின்று, குளிருக்கும் ஓநாய்க்கும் தப்பிப் பிழைக்க வேண்டும். நானும் ஆடுவேன், ஆனால் தனியாக. நெட் இணைப்பைக்கூட அணைத்துவிட்டு, என் லேப்டாப்புக்குள் என் காடு, என் குடிசை. நாள் முழுக்க அடுத்தவர் ரத்தத்தோடு மாரடித்துவிட்டு வருகிறவளுக்கு, மனித முகமே இல்லாத ஓர் இடம் கிடைத்தால் அதைவிட என்ன வேண்டும். யஸ்வந்த் வேறு ரகம். "தனியா ஆடறதுல இன்னாக்கா கீது? வுழுந்தா தூக்கிவுட ஆளில்ல" என்பான். "கூட்டமா ஆடினா தள்ளிவுடறதுக்கே ஆள் இருக்கும்" என்பேன் நான். இது எங்கள் வீட்டில் வருடக்கணக்காக ஓடிய சண்டை.

அவன் கூட்டத்தில் மூன்று பேர். யஸ்வந்த், அவன் கூடப் படித்த சிரஞ்சீவி, எதிர்வீட்டு ஹரிபாபு. இப்படிக் கூடி ஆடுகிறவர்கள் பெரும்பாலும் பங்கு பிரிக்கும்போது அடித்துக்கொண்டு பிரிந்துபோவார்கள். இவர்கள் பிரியாததற்கு எங்கள் ஊர் வழக்கம்தான் காரணம். கங்கையம்மா ஜாத்திரைக்கு ஆடு வெட்டினால் ஊரில் கறியைக் கூறு போடுவார்கள். எத்தனை வீடோ அத்தனை கூறு. ஒருத்தர் கூறுகளின் பக்கத்தில் நிற்பார். இன்னொருத்தர் முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்பார். முதலாமவர் ஒரு கூறைத் தொட்டு, "இது யாருக்கு?" என்பார். திரும்பி நிற்பவர் பார்க்காமலே ஒரு பேர் சொல்வார். சொன்ன பேருக்குச் சொன்ன கூறு. எலும்பு வந்தாலும் ஈரல் வந்தாலும் அதற்கு மேல் பேச்சில்லை. வெளியூர் போனவனுக்கும் கூறு உண்டு, எடுத்து வைப்பார்கள். இதை அப்படியே விளையாட்டுக்குள் கொண்டுபோயிருந்தார்கள் பையன்கள். ஓநாய்த் தோலுக்கும் இரும்புக் கட்டிக்கும் இதே முறைதான்.

போன மழையில் ஹரிபாபு செத்துப்போனான். மூன்று பேரும் ஆடிக்கொண்டிருக்கும்போது, மோட்டாரைப் போட்டுவிட்டு வரச்சொல்லி அவன் நைனா கூப்பிட்டார். "கூறு போடுங்கடா, வந்துடறேன்" என்று ஹெட்போனைக் கழற்றினான். "போய்ட்டு வா, உன் கூற எடுத்து வெக்கறோம்" என்று இவர்கள் இரண்டு பேரும் சொன்னார்கள். தோப்பில் ஈரக்கையோடு ஸ்டார்ட்டரைத் தொட்டான். அவ்வளவுதான்.

அந்த விளையாட்டில் ஒருவன் எழுந்து போய்விட்டால் அவன் உருவம் மறையாது. விட்ட இடத்தில் படுத்துத் தூங்கும். கூட்டாளிகள் யாராவது ஊட்டினால் பிழைக்கும், இல்லாவிட்டால் சில நாளில் பட்டினியில் செத்துவிடும்.

திரையைப் பார்த்தேன். மர வீடு, நடுவில் நெருப்பு, இரண்டு பாய். ஒரு பாயில் சிவப்புக் குல்லாய் போட்ட உருவம் ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தது. சிவப்புக் குல்லாய் ஹரியுடையது. யஸ்வந்த் அதன் வாயில் கறியை வைத்துக்கொண்டிருந்தான்.

"இன்னுமாடா அவனுக்கு ஊட்டிக்கினு கீற?"

"அவனுக்கு நானு, எனக்கு அவன்," என்றான், சாதாரணமாக.

எனக்குப் புரியவில்லை. பையில் இருந்த சுகர் மெஷினை எடுத்து அவன் விரலைப் பிடித்தேன். பத்து நாளாக வெறும் தண்ணீர் என்று அம்மா சொல்லியிருந்தாள். அப்படியானால் சர்க்கரை தரையில் கிடக்க வேண்டும்.

மெஷின் காட்டியது, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு இப்போதுதான் கை கழுவி வந்தவனின் சர்க்கரையை.

இன்னொரு விரலில் குத்தினேன். அதேதான்.

"பசிக்கவே இல்லியா?" என்றேன்.

"ரொம்பி கீதுக்கா," என்று எலும்பும் தோலுமான வயிற்றைத் தடவினான். பிறகு கண்ணைக் கசக்கிக்கொண்டு, "தூக்கம் வருது. கொஞ்ச நேரம் அவன் பாத்துப்பான்" என்று ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுத் தரைப்பாயில் சாய்ந்தான். சாய்ந்ததும் தூங்கிவிட்டான்.

போர்வையை இழுத்துவிடக் குனிந்தேன்.

அவன் தாடை அசைந்துகொண்டிருந்தது.

மெதுவாக, நிதானமாக மென்றான். தொண்டைக்குழி ஏறி இறங்கியது. கொஞ்சம் பொறுத்து வாயைத் திறந்தான், அடுத்த கவளத்துக்குத் திறப்பதுபோல. மறுபடி மென்றான். புகை வாசனை அறையில் கூடியது. வாசற்படியில் நிழல் ஆடியது. அம்மா.

"இதுக்குத்தான் நான் உள்ள வரல," என்றாள்.

*

சிரஞ்சீவி இப்போது நகரியில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறான். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்று அவனுக்குப் போன் போட்டேன். என் ஆத்திரமெல்லாம் அவன்மேல் திரும்பியிருந்தது.

"எப்பா சிரஞ்சீவி, உங்க விளையாட்டு நடக்கிற சர்வர் உன் பேர்லதானே கீது? அத மொதல்ல மூடித் தொல."

மறுமுனையில் கடை இரைச்சல் குறைந்தது, ஓரமாக ஒதுங்கியிருப்பான்.

"மூடிட்டேன்க்கா," என்றான். "கருமாதி முடிஞ்ச மறுநாளே மூடிட்டேன். எல்லாத்தியும் அழிச்சிட்டேன். இன்னாத்துக்குக் கேக்கறீங்க?"

பின்கட்டு ஜன்னலைத் திரும்பிப் பார்த்தேன். "இவன் இன்னும் அதுக்குள்ளதான் ஆடிக்கினு கீறான்," என்றேன்.

அவன் அழ ஆரம்பித்தான். பிறகு விட்டுவிட்டுச் சொன்னான். ஹரியின் உருவம் பட்டினியில் சாவதைப் பார்க்க மனசு வராமல், கருமாதி வரைக்கும் ஊட்டுவது என்று முடிவு செய்திருக்கிறார்கள். கருமாதியன்று சுடுகாட்டில் படையல் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வந்தார்கள். வந்ததும் விளையாட்டிலும் கடைசியாக ஒரு முறை கூறு போட்டு முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தார்கள். இரண்டே கூறு. யஸ்வந்த் கேட்டான், சிரஞ்சீவி திரும்பி நின்றான்.

"'இது யாருக்கு?'ன்னான், எனக்குன்னேன். 'இது யாருக்கு?'ன்னான், உனக்குன்னேன். அப்பால இன்னொருவாட்டி கேட்டுதுக்கா. 'இது யாருக்கு?'ன்னு. எப்பவும் மூணுவாட்டி சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழக்கம். ஹரிக்குன்னு சொல்லிட்டேன்." மூக்கை உறிஞ்சினான். "திரும்பிப் பாத்தா மூணு கூறு கீது. மூணாவதா கேட்டது நான் இல்லடான்றான் யஸ்வந்த்."

"அந்த மூணாவது கூறுல இன்னா இருந்துது?"

"கறி இல்லக்கா. யஸ்வந்த் படுத்துத் தூங்கற பாய். அதத்தான் ஹரிக்குன்னு குடுத்துட்டேன்."

போனை வைத்தேன். அம்மாவைக் கூப்பிட்டு, திருப்பதி பெரியாஸ்பத்திரிக்கு இவனை ஏற்றிக்கொண்டு போக வேண்டும், ஆட்டோ பிடித்துக்கொண்டு வா என்று அனுப்பினேன். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றுவார்கள். எல்லா ரிப்போர்ட்டும் சரியாக இருக்கிறது என்பார்கள். என் தம்பி நல்ல ரிப்போர்ட்டோடு செத்துப்போவான். இது எனக்குத் தெரிந்திருந்தது. கூட்டம், கூட்டாளி, கூறு என்று ஒன்றும் வேண்டாம் என்று இத்தனை வருடம் இருந்தவள், அன்றைக்கு வேறு வழியில்லாமல் அந்தக் கூட்டத்துக்குள் போனேன்.

தம்பியின் பாய்க்குப் பக்கத்தில், அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து என் லேப்டாப்பைத் திறந்து, போன் நெட்டைக் கொடுத்தேன். அழித்துவிட்டதாகச் சிரஞ்சீவி சொன்ன உலகம் பட்டியலில் முதலில் நின்றது. பேர், 'மூணு பேரு வூடு.' அழுத்தினேன். ஹெட்போனில் காட்டுப்பூச்சிகளின் இரைச்சல் நிறைந்தது.

காட்டில் தூரத்தில் அந்த மர வீடு தெரிந்தது. நடந்தேன். இந்த விளையாட்டில் கூட்டத்தில் சேர்க்கப்படாதவர்களுக்குக் கதவு திறக்காது. என்னை யாரும் சேர்க்கவில்லை.

கதவு திறந்தது.

உள்ளே நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. ஒரு பாயில் யஸ்வந்தின் உருவம் தூங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு பாய் காலி. இப்போது உள்ளே விழித்து ஆடுகிறவர்கள் யார் யார் என்று பார்க்கும் பட்டனைத் தட்டினேன். யமுனா என்ற ஒரே பேர்தான் வந்தது.

நெருப்புக்கு முன்னால் தரையில் இரண்டு கூறு வைத்திருந்தது.

எதையும் தொடுவதற்கு முன் என் உருவம் தானாகத் திரும்பியது. நான் மவுஸில் கை வைக்கவில்லை. சுவரைப் பார்த்து, முதுகைக் காட்டி நின்றது. எவ்வளவு அழுத்தினாலும் அசையவில்லை. எனக்குப் பின்னால் யாரோ நடந்து வரும் சத்தம். ஈரக் காலோடு நடக்கும் சத்தம்.

"இது யாருக்கு?"

ஹரியின் குரல்தான். சின்ன வயதில் எங்கள் வீட்டு வாசலில் நின்று தண்ணீர் கேட்ட அதே குரல். பயத்தோடு பயமாக, பாவி, இவ்வளவு சின்ன வயசில் போய்விட்டானே என்று எனக்கு அழுகையும் வந்தது.

பதில் சொல்லவில்லை.

"இது யாருக்கு?"

பக்கத்தில் படுத்திருந்த யஸ்வந்தின் மூச்சு நின்று, நெடுநேரம் கழித்து ஒன்று வந்தது. பதில் சொல்லாமல் கூறு முடியாது. முடியாமல் ஹரி விடப்போவதில்லை. 'ஹரிக்கு' என்று சொல்லிவிட்டால் வாங்கிக்கொண்டு போய்விடுவான் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அவன் எதைத் தொட்டுக்கொண்டு கேட்கிறான்? பார்க்கக் கூடாது, அதுதான் வழக்கம். பார்க்காமல் இரக்கப்பட்டுச் சொன்னவன்தான் சிரஞ்சீவி.

என் காட்டில் நான் யாருக்கும் எதையும் பிரித்துக் கொடுத்ததில்லை. அந்தப் புத்தி அப்போது கைகொடுத்தது.

"எனக்கு," என்றேன்.

ஏதோ நகர்த்தி வைக்கப்படும் சத்தம்.

"இது யாருக்கு?"

"எனக்கு."

மூன்றாவது கேள்வி உடனே வரவில்லை. ஈரக் கால் மெதுவாக நடந்துபோனது. ஹெட்போனுக்குள் பாய் சரசரத்தது.

எனக்குப் பின்னால், அறையிலும் பாய் சரசரத்தது.

"இது யாருக்கு?"

இந்த முறை ஹெட்போனில் கேட்கவில்லை. என் தம்பியின் தலைமாட்டிலிருந்து கேட்டது.

நான் திரும்பவில்லை. கழுத்து வலிக்கிற அளவுக்குத் திரையையே முறைத்துக்கொண்டு, "எனக்கு" என்றேன். "எல்லாம் எனக்குத்தான். இங்க கீறது அத்தினியும் எனக்கு. வேற யாருக்கும் கூறு கெடையாது."

புகை வாசனை ஒருமுறை முகத்தில் அடித்தது.

"சரேக்கா," என்றது குரல், மரியாதையாக.

சொன்ன பேருக்குச் சொன்ன கூறு. அதை அவன் மீறவில்லை. திரை இருண்டு, இப்படி ஓர் உலகம் இல்லை என்று வந்தது. யஸ்வந்த் புரண்டு படுத்தான். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, வாய் கோணி, சின்னப் பையன்போல அழுதான்.

"அக்கா, பசிக்குது."

ஆட்டோவோடு வந்த அம்மா அதைக் கேட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து ஓடிப்போய் சோற்றில் பருப்பை ஊற்றிப் பிசைந்துகொண்டு வந்து, ஆட்டோக்காரன் முணுமுணுப்பதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் ஊட்டினாள். அவன் தின்னத் தின்ன நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக எதையும் பார்த்ததில்லை.

*

யஸ்வந்த் இப்போது தேறிவிட்டான். கம்ப்யூட்டரை விற்றுவிட்டு நைனாவோடு தோப்புக்குப் போகிறான். கன்னத்தில் சதை பிடித்திருக்கிறது. ஆனால் மோட்டார் பக்கம் மட்டும் போவதில்லை. நான் திருப்பதிக்கு வந்து என் அறையில் என் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தனி ஆளின் கெட்ட புத்தி ஓர் உயிரைக் காப்பாற்றியது என்று எனக்குள் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில், துணி ஊறவைத்துவிட்டு, ரொம்ப நாளைக்குப் பிறகு என் காட்டைத் திறந்தேன். நெட் இல்லை, போனையும் அணைத்து வைத்திருந்தேன். அந்த உலகத்துக்குள் என்னைத் தவிர யாரும் வர வழியே கிடையாது. குடிசையில் நெருப்பை அணைத்துவிட்டுத்தான் போயிருந்தேன்.

நெருப்பு எரிந்துகொண்டிருந்தது.

பக்கத்தில் ஒரு பாய்தான் எப்போதும் இருக்கும். இரண்டு இருந்தன. தரையில் இரண்டு கூறு கறி. சுவர் ஓரமாக, சிவப்புக் குல்லாய் போட்டுக்கொண்டு, முதுகைக் காட்டி ஓர் உருவம் நின்றது. அசையவில்லை. நான் கேட்பதற்காகக் காத்துக்கொண்டிருந்தது. இந்த முறை கேட்கவேண்டியவள் நான், பேர் சொல்ல வேண்டியவன் அவன்.

அன்றைக்கு அங்கே இருந்த அத்தனையும் எனக்கு என்று என் வாயால் கேட்டு வாங்கிக்கொண்டேன். அங்கே இருந்தது என் தம்பி மட்டும் இல்லை, ஹரியும்தான்.

லேப்டாப்பை மூடி அட்டைப்பெட்டியில் போட்டு, பரண்மேல் ஏற்றிவிட்டேன். நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். ஆனால் அறையில் விறகுப் புகை வாசனை போகவில்லை. காலையில் எழுந்தால் தாடை வலிக்கிறது. லேபுக்கு எல்லாரும் வருவதற்கு முன்பே போய், வெறும் வயிற்றோடு என் விரலிலேயே குத்திப் பார்த்தேன்.

தினமும் சாயங்காலம் அம்மா போன் பண்ணி, "துன்னியா யமுனா?" என்று கேட்கிறாள்.

"துன்னேம்மா," என்கிறேன். மெஷினும் அப்படித்தான் சொல்கிறது.